பவுல் உள்பக்கம் பிசிறு பிசிறா வருது, கௌஜ் சாணை பிடிக்கிறதுல எங்க தப்பு?

ஆலங்குடி_பலா

வணக்கம் எல்லாருக்கும். நான் புதுக்கோட்டை மாவட்டம், ஆலங்குடி பக்கம். 2018 நவம்பர்ல வந்த கஜா புயல்ல எங்க தோட்டத்துல மூணு பலா வேரோட சாஞ்சிருச்சு, தாத்தா வச்ச மரங்க. விறகுக்கு லோடு ஏத்த ஆளுங்க வந்து நின்னாங்க, அம்மா தரவே மாட்டேன்னுட்டாங்க. அப்பறம் மில்லுல குடுத்து கட்டை கட்டையா அறுத்து, வெட்டு முனையில மெழுகு பூசி கொட்டகைல அடுக்கி வச்சோம், இப்ப நல்லா காஞ்சு கிடக்கு.

ஒன்றரை வருஷமா அந்தக் கட்டைலதான் மர லேத்ல பவுல் (மரக் கிண்ணம்) கடையுறேன். 10 இன்ச் அகலம், 4 இன்ச் ஆழம். 12 மி.மீ. பவுல் கௌஜ் (பள்ளம் வச்ச கடைசல் உளி), எச்.எஸ்.எஸ். (ஹை ஸ்பீடு ஸ்டீல்), ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. சாணைக்கு சாதா 6 இன்ச் பெஞ்ச் கிரைண்டர், அதோட வந்த சாம்பல் கலர் கல்லு. வெளிப்பக்கம் ஓரளவு நல்லா வருது. உள்பக்கம் விளிம்புலேர்ந்து பாதி வரைக்கும் கூட ஓகே, அதுக்குக் கீழ இறங்க இறங்க ரெண்டே ரெண்டு இடத்துல, நேர் எதிர் எதிரா, நார் பிஞ்சு பிஞ்சு பள்ளம் விழுது. கையால தடவுனா கோரைப்பாயை எதிர்ப்பக்கமா தடவுற மாதிரி சொரசொரன்னு இருக்கு. 80 நம்பர் சாண்ட் பேப்பர் போட்டு ஒரு மணி நேரம் தேச்சாலும் போகல, தேச்சுத் தேச்சு பவுலோட வட்டமே கெட்டுப் போகுது.

சாணை கையாலதான் பிடிக்கிறேன். முனை நீலமா வேற ஆயிடுது. உளியை ஒரே கோணத்துல பிடிச்சுக்கிற ஜிக் வாங்கித்தான் ஆகணுமா, இல்ல கை பழகுனா சரியாயிடுமா? இந்த மரத்தை வீணாக்குறது மனசுக்கு கஷ்டமா இருக்கு, அதான் கேக்குறேன்.

டூல்ரூம்காரன்

கோயமுத்தூருங்க, டூல் ரூம்ல 20 வருஷத்துக்கு மேல, வீட்டுல மர லேத் ஒரு 8 வருஷமா. பதில் சொல்றதுக்கு முன்னாடி சில விஷயம் சொல்லுங்க. பெவல், அதாவது கூருக்குப் பின்னாடி சாய்வா சீவுன பரப்பு, எத்தனை டிகிரி? லேத் என்ன ஸ்பீடுல ஓடுது? உள்பக்கம் விளிம்புலேர்ந்து நடுவுக்குப் போறீங்களா, நடுவுலேர்ந்து வெளிய வர்றீங்களா? கௌஜோட மூக்கை நேர் மேல இருந்து பாத்தா எப்படி இருக்கு, விரல் நகம் மாதிரி உருண்டையாவா, கிளி மூக்கு மாதிரி நீட்டாவா? பெவல் ஒரே பரப்பா இருக்கா, பட்டை பட்டையா இருக்கா? கடைசியா அந்தக் கல்லை எப்பங்க டிரஸ் பண்ணீங்க, அதாவது முகத்தை சீவி புதுசாக்குனீங்க?

ஆலங்குடி_பலா

அண்ணே உடனே பதில் போட்டதுக்கு நன்றி. பெவல் கடைல வந்தப்ப 40 டிகிரி, அதையேதான் வச்சிருக்கேன், இப்ப அளந்தா இடத்துக்கு இடம் மாறுது. ஸ்பீடு 1200. விளிம்புலேர்ந்து நடுவுக்குத்தான் போறேன். மூக்கு நீங்க சொன்ன கிளி மூக்கேதான். பெவல்ல அஞ்சாறு பட்டை இருக்கு, வெளிச்சத்துல திருப்புனா ஒவ்வொண்ணும் தனித்தனியா மின்னுது. கல்லை டிரஸ் பண்ணதே இல்லண்ணே, அப்படி ஒண்ணு பண்ணணும்னே தெரியாது.

டூல்ரூம்காரன்

சரிங்க, இப்ப விஷயத்துக்கு வருவோம், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ஏன் அந்த ரெண்டு இடத்துல மட்டும் பிசிறு வருதுன்னு புரிஞ்சுக்கோங்க. பலகை வாக்குல எடுத்த கட்டைல பவுல் கடையும்போது நார் குறுக்கால படுத்துக் கிடக்குது. பவுல் ஒரு சுத்து சுத்தறதுக்குள்ள உங்க உளி ரெண்டு தடவை நார் கூடவே போகுது, ரெண்டு தடவை நாரோட முனையை வெட்டுது. அந்த முனைக்கு நுழையுற பக்கம் நாரை எதிர்த்துப் போகணும், அங்கதான் நார் வெட்டுப்படாம வேரோட பிடுங்கிக்கிட்டு வருது. வைக்கோல் கட்டை நினைச்சுக்கோங்க, பின்னாடி தாங்கிப் பிடிக்க வைக்கோல் இருக்குற பக்கமா அரிவாளைப் போட்டா சுத்தமா அறுபடும், தாங்கல் இல்லாத பக்கமா போட்டா ரெண்டு மூணு தாள் உருவிக்கிட்டு வந்துரும். அதனாலதான் வெளிப்பக்கம் அடியிலேர்ந்து விளிம்புக்கும், உள்பக்கம் விளிம்புலேர்ந்து நடுவுக்கும் போகச் சொல்றாங்க. அதை நீங்க சரியா பண்றீங்க. ஆனாலும் அந்த ரெண்டு இடம் எப்பவும் பலவீனமான இடம்தான், மழுங்குன உளியை அதுதான் முதல்ல காட்டிக் குடுக்கும். பலாவுல நாரோட்டம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு பின்னி வர்ற கட்டையும் உண்டு, அதுல இன்னும் சாஸ்தி.

இப்ப ஏன் பாதிக்குக் கீழ மட்டும் வருது? 40 டிகிரி பெவல் நீண்ட பெவல். விளிம்புகிட்ட அது மரத்துல பதிஞ்சு சறுக்கிட்டுப் போகும், அருமையா வெட்டும். சுவர் வளைஞ்சு அடிப்பக்கம் திரும்புற இடம் வந்ததும் பெவல் பதிஞ்சே இருக்கணும்னா நீங்க கைப்பிடியை உங்க பக்கமா ரொம்பத் தள்ளி வீசணும், 4 இன்ச் ஆழத்துல அது முடியாது, கௌஜோட தண்டு பவுல் விளிம்புல போய் இடிக்கும், இல்ல லேத் படுக்கைல இடிக்கும். உடனே நீங்க அறியாமலே பெவலை மரத்தை விட்டு எடுத்துடறீங்க. பெவல் எடுத்த நிமிஷத்துலேர்ந்து அது வெட்டல, சுரண்டுது. சுரண்டுனா பலா பிசிறு அடிக்காம என்ன பண்ணும்?

அதனால 60 டிகிரிக்கு மாத்துங்க. ரெக்கை ரெண்டையும், அதாவது மூக்குக்கு ரெண்டு பக்கமும் இருக்குற கூர் ஓரத்தை, பின்னாடி இழுத்த வடிவம், அமெரிக்காவுல டேவிட் எல்ஸ்வொர்த்னு ஒரு பெரிய கடைசல்காரர் பேர்ல புழங்குற வடிவம் இதுதான், 60 டிகிரி. சுவர்லேர்ந்து அடிக்குத் திரும்புற வளைவுல பெவல் விடாம கூடவே வரும். சில பேர் அடிக்குன்னே தனியா 65, 70 டிகிரில இன்னொரு கௌஜ் வச்சிருப்பாங்க, அதுல ரெக்கை வேண்டாம், சும்மா உருண்டை மூக்கு போதும். உங்ககிட்ட ஒண்ணுதான்னா 60.

அப்பறம் பெவலோட பின் முனை, குதிகால்னு வச்சுக்கோங்க, அதை லேசா சீவி உருட்டி விடுங்க. உள்வளைவுல பதியுறது அந்தக் குதிகால்தான், அது கூரா இருந்தா மரத்தை நசுக்கி பளபளன்னு கோடு போட்டுட்டே போகும், எண்ணெய் பூசும்போதுதான் அது தெரியும்.

அஞ்சாறு பட்டை இருக்குறது அடுத்த பிரச்சனை. கூருக்குப் பின்னாடி இருக்குற பட்டை மரத்துல பதிஞ்சாத்தான் கூர் நிதானமா வெட்டும், பட்டை பட்டையா இருந்தா எந்தப் பட்டை பதியும்னு உங்க கைக்கே தெரியாது. ஒரு தடவை வழுக்கும், ஒரு தடவை கடிக்கும். கிளி மூக்குக்கு காரணம் ரெக்கைல ரொம்ப நேரம் அழுத்தித் தேய்க்கிறது. ரெக்கைல ரெண்டு இழுப்பு, மூக்குல ஒரு இழுப்புன்னு மெதுவா போங்க. ரெக்கை பக்கத்துலேர்ந்து பாத்தா நேரா இல்லன்னா லேசா உப்பலா இருக்கணும், நடுவுல பள்ளம் இருந்தா அங்க அதிகமா தின்னுருக்கு.

ஸ்பீடு: பவுலோட விட்டத்தை இன்ச்சுல எடுத்து ஆர்.பி.எம்.மோட பெருக்குனா 6000லேர்ந்து 9000 வரைக்கும் வரலாம்னு ஒரு கணக்கு உண்டுங்க. 10 இன்ச்சுக்கு 600லேர்ந்து 900. நீங்க 1200ல ஓட்டுறீங்க. கட்டை விட்டுப் பறந்தா உங்க முகத்துக்குத்தான் வரும், தயவுசெஞ்சு குறைங்க.

அம்பை_கடைசல்

மேல சொன்னது எல்லாம் சரி, ஆனா ஜிக் வாங்கணும்னு யாராவது சொல்றதுக்கு முன்னாடி நான் ஒரு வார்த்தை சொல்லுதேன். எங்க வீடு அம்பாசமுத்திரம் பக்கம், மூணு தலைமுறையா கடைசல். சொப்பு சாமான், தொட்டில் குச்சி, நடைவண்டி, பம்பரம். மஞ்சக்கடம்பு கட்டையை லேத்ல போட்டா எங்கப்பா அஞ்சு நிமிசத்துல ஒரு பானை, ஒரு மூடி எடுத்துருவாவ, அரக்குக் குச்சியை சுத்துற மரத்துல வச்சு அழுத்துனா அந்தச் சூட்டுலயே உருகிப் பிடிச்சுக்கிடும்.

எங்க உளியெல்லாம் லாரி கமான் பட்டைல ஊர் கொல்லர் அடிச்சுக் குடுத்தது. சாணைக்கு தட்டையான கல்லு, கொஞ்சம் தண்ணி, அவ்வளவுதான். எங்கப்பா கைல ஜிக்கும் கிடையாது, கோணம் அளக்குற கருவியும் கிடையாது. ஆனா அவுக உளி எப்பவும் ஒரே மாதிரி இருக்கும். ஏன்னா வேலை நடுவுல பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை கல்லுல ரெண்டு இழுப்பு இழுத்துட்டு வந்துருவாவ. மழுங்குற வரைக்கும் விட்டாத்தான் புதுசா கோணம் பிடிக்கணும், வடிவம் கெடும். மழுங்கும் முன்னாடியே தொட்டுத் தொட்டு எடுத்தா இருக்குற வடிவத்துமேலயே கல்லு உக்காரும், கையே பழகிக்கிடும். தம்பி அதைச் செய்யுங்க, துட்டு மிச்சம்.

டூல்ரூம்காரன்

ஐயா சொல்றதுல அந்த "மழுங்கும் முன்னாடியே" அப்படிங்கறது தங்கமான வார்த்தைங்க, அதுல எனக்கு மாத்துக் கருத்தே இல்ல. ஆனா ரெண்டு வேலையும் வேற வேற. உங்க சொப்பு சாமான்ல பெரும்பாலும் நார் லேத்தோட நீளவாக்குலயே ஓடும், தடிமனான இடத்துலேர்ந்து மெலிசான இடத்துக்கு இறங்கிட்டா நார் தன்னால வெட்டுப்படும். உளியும் எளிய வடிவம், ஒரு பக்கம் கல்லுல படுக்க வச்சு இழுத்தா முடிஞ்சது. ரெக்கை இழுத்த பவுல் கௌஜை ஒரே வீச்சுல உருட்டவும் வேணும், ஆட்டவும் வேணும், கைப்பிடி தூக்கவும் வேணும், மூணு அசைவு ஒண்ணா. வருஷக்கணக்கா தினமும் பண்றவங்க கைக்கு அது வரும். வாரம் ஒரு நாள் கடையுறவருக்கு வர்றது கஷ்டம்.

அம்பை_கடைசல்

அது வாஸ்தவம். நார் நீளவாக்குல ஓடுதுங்குறத நான் யோசிக்கல. நாங்க இவ்வளவு அகலமா குறுக்கு நார்ல கடையுறது ரொம்பக் குறைவுதான். அப்போ வடிவம் வர்ற வரைக்கும் ஜிக், அதுக்கப்பறம் தொட்டுத் தொட்டு எடுக்கது கைலன்னு வச்சுக்கிடலாமா?

ஸ்காபரோ_மேப்பிள்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்ப கனடாவில ஸ்காபரோவில இருக்கிறன். இஞ்ச மரகத வண்டு எண்டு சொல்லுற ஒரு பூச்சி வந்து ஆஷ் மரங்கள் எல்லாம் பட்டுப் போச்சுது, நகரசபை வெட்டிப் போட்ட கட்டையளை வைச்சுத்தான் நான் பழகினனான். ஆஷும் உங்கட பலா மாதிரித்தான், நார் தடிச்சது, உளி கொஞ்சம் மழுங்கினாலும் உடன காட்டிக் குடுத்திடும்.

முதல் ரெண்டு வருசம் நானும் கையாலதான் சாணை பிடிச்சனான். ஒவ்வொரு முறையும் வேற வேற வடிவம், ஒரு கௌஜ் அரைவாசி நீளம் தேஞ்சு போச்சுது, அதில பாதி கூட மரம் வெட்டித் தேஞ்சதில்ல, கல்லில தேஞ்சதுதான். பிறகு ஜிக் எடுத்தன். இஞ்ச ஒன்ராறியோவில ஸ்ட்ராட்ஃபோர்ட் எண்ட ஊரில ஒன்வே எண்டு ஒரு கம்பனி இருக்குது, அவையின்ர வுல்வரின், வாரிகிரைண்ட் ஜிக்கைத்தான் உலகம் முழுக்கப் பாத்துச் செய்யினம். இந்தியாவிலயும் அதே மாதிரி உள்ளூர் ஜிக் கிடைக்கும், உங்கட பக்கத்து வெல்டிங் பட்டறையிலகூட செய்யலாம். அதில மூண்டே மூண்டு அளவுதான். ஜிக்கின்ர காலின்ர கோணம் ஒண்டு. கௌஜ் ஜிக்குக்கு வெளிய எவ்வளவு நீட்டி நிக்குது எண்டது ரெண்டு, நான் 1¾ இன்ச் வைக்கிறனான். ஜிக்கின்ர கால் போய் இருக்கிற குழி கல்லில இருந்து எவ்வளவு தூரம் எண்டது மூண்டு. இந்த மூண்டையும் மாத்தாமல் வைச்சிருந்தால் போன மாசம் பிடிச்ச அதே வடிவம் இண்டைக்கும் வரும். ஒவ்வொரு முறையும் அளவுகோல் எடுக்க வேண்டாம், ஒரு மரத்துண்டில சரியான ஆழத்துக்கு ஒரு துளை போட்டு வைச்சு, கௌஜை அதுக்குள்ள முட்டக் குடுத்துப்போட்டு ஜிக்கை இறுக்குங்கோ. கல்லுக்கும் குழிக்கும் இடையில வைக்க இன்னொரு துண்டு. எனக்கு மேசையில கௌஜ் போய்த் திரும்பி லேத்துக்கு வர அரை நிமிசம்தான் ஆகுது.

இன்னொண்டு, கல்லைத் தொடுறதுக்கு முதல் பெவல் முழுக்க கறுப்பு மார்க்கர் பூசுங்கோ. கிரைண்டரைப் போடாமல் கல்லைக் கையால சுத்திப் பாருங்கோ. மை எங்க அழியுதோ அங்கதான் கல் படுது. கூர்ப்பக்கம் மட்டும் அழிஞ்சால் கோணம் கூடிப்போச்சு, குதிகால் பக்கம் மட்டும் எண்டால் குறைஞ்சு போச்சு, நடுவில சீரா அழிய வேணும். அதுக்குப் பிறகுதான் சுவிட்சைப் போடுங்கோ. இதை மட்டும் செய்தாலே உங்கட ஆறு பட்டையும் ஒண்டாப் போயிடும்.

பூவரசு77

எல்லாரும் பவுல் கௌஜ் பத்தியே பேசுறீங்க, புதுசா வர்றவங்களுக்காக ஒண்ணு சொல்லணும், இது என் கைமேல பட்ட விஷயம். நான் முதல்ல வாங்குனது 6 உளி உள்ள ஒரு செட்டு. அதுல இருந்த அகலமான வளைஞ்ச உளியை காட்டி "இதுல முரட்டு வேலை எல்லாம் பண்ணலாம், பவுலும் கடையலாம்"னு கடைல சொல்லிக் குடுத்தாங்க. அது ரஃபிங் கௌஜ், நீளவாக்கு நார்ல சதுரக் கட்டையை உருட்டுறதுக்கு மட்டும் உள்ளது. அதோட வாய் அகலமா கனமா இருக்கும், ஆனா கைப்பிடிக்குள்ள போற வால் தட்டையா மெல்லிசா இருக்கும். நான் அதை 9 இன்ச் பூவரசு கட்டைல வச்சேன், குறுக்கு நார் ஒரே கடியா கடிச்சு இழுத்துச்சு, வால் கைப்பிடி வாய்லேயே ஒடிஞ்சு இரும்பு பறந்து வந்து என் தோள்ல அடிச்சுது. மூணு வாரம் கை தூக்க முடியல. முகத்துல கவசம் இருந்துச்சு, தோளோட போச்சு.

பவுல் கௌஜ்ங்கறது ஒரே உருண்டைக் கம்பில பள்ளம் கடைஞ்சது, முனையிலேர்ந்து கைப்பிடிக்குள்ள வரைக்கும் ஒரே தடிமன். வாங்கும்போது அதைத்தான் முதல்ல பாருங்க. அளவுலயும் ஒரு குழப்பம் இருக்கு, சில கம்பெனி கம்பியோட விட்டத்தை சொல்லுவாங்க, சில பிரிட்டிஷ் கம்பெனி பள்ளத்தோட அகலத்தை சொல்லுவாங்க, அவங்க 3/8னு சொல்றது இன்னொருத்தரோட 1/2.

தூங்குமூஞ்சி_கட்டை

முனை நீலமாகுறத பத்தி யாரும் சொல்லலியே? நீலமானா பதம் போச்சு, அந்த இடத்தை முழுசா தேச்சு எடுத்துட்டுத்தான் மறுபடி பிடிக்கணும்னு எங்க ஆசாரி சொல்வார். நான் ஒவ்வொரு இழுப்புக்கும் தண்ணில முக்கி முக்கித்தான் எடுக்குறேன். சரிதானே?

டூல்ரூம்காரன்

ஆசாரி சொன்னது கார்பன் ஸ்டீலுக்கு நூத்துக்கு நூறு சரிங்க. ஐயா வீட்டு கமான் பட்டை உளி, இழைப்புளி அலகு, சுத்தியல் உளி எல்லாம் அந்த ஜாதி. 220 டிகிரி செல்சியஸ் வாக்குல வைக்கோல் நிறம் வரும், 300 கிட்ட நீலம், அங்க பதம் இறங்கிப் போச்சு. அதையெல்லாம் தண்ணில முக்கித்தான் எடுக்கணும்.

எச்.எஸ்.எஸ். வேற. அதுல எம்2ங்கற ரகத்தை பதம் பண்றப்பவே 550 டிகிரி சுமாருக்கு சூடாக்கித்தான் பண்றாங்க. நீல நிறம் மேல் தோல்ல வர்ற கலர், பதம் போகல. சூடா இருக்குறதை டக்குன்னு தண்ணில முக்குனா கூர் ஓரத்துல கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு விழ வாய்ப்பு இருக்கு, அப்பறம் அந்த இடம் பொடிப் பொடியா உதிரும். எச்.எஸ்.எஸ்.ஸை தண்ணில முக்காதீங்க. சூடானா கையை எடுங்க, ஆற விடுங்க.

அதுக்காக நீலம் ஆனா பரவால்லன்னு விட்டுரவும் கூடாதுங்க. ஆலங்குடி தம்பிக்கு நீலமாகுறது அவர் கல்லு மூடிப் போனதால. சாம்பல் கல்லுல பொடியை ஒட்டிப் பிடிக்கிற பசை கெட்டி, மழுங்குன பொடி உதிராம அப்படியே நிக்கும், இடுக்குல இரும்புத் தூள் அடைச்சுக்கும். தொட்டுப் பாத்தா கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். அது வெட்டாம உரசுது, நீங்க இன்னும் அழுத்துறீங்க, சூடு ஏறுது. வைர முனை டிரஸ்ஸர் ஒண்ணு வாங்கி கல்லோட முகத்தை லேசா சீவுங்க, புதுப் பொடி மேல வரும், கல்லும் வட்டமாகும். கல்லு மாத்துறதா இருந்தா வெள்ளை அலுமினியம் ஆக்சைடு, 80 நம்பர். வடிவம் வந்ததுக்கு அப்பறம் கூர் மட்டும் எடுக்க 120. புதுக் கல்லை மாட்டுறதுக்கு முன்னாடி நூல்ல தொங்கவிட்டு மரக்கட்டையால தட்டிப் பாருங்க, கணீர்னு கேக்கணும். பொத்துன்னு கேட்டா உள்ள வெடிப்பு, மாட்டவே மாட்டாதீங்க.

பூவரசு77

சி.பி.என். கல்லு பத்தி சொல்லுங்கண்ணே, எல்லாரும் அதையே வாங்கச் சொல்றாங்க, விலையைப் பாத்தா ஒரு லேத் பாதி வரும் போல.

டூல்ரூம்காரன்

க்யூபிக் போரான் நைட்ரைடு. 1957ல ஜெனரல் எலக்ட்ரிக்ல வென்டார்ஃப்ங்கறவர் முதல்ல செஞ்சது, கடினத்துல வைரத்துக்கு அடுத்தது. அதிவேகத்துல உலர்ந்த இரும்புல வைரம் தாங்காது, சூட்டுல வைரத்தோட கார்பனை இரும்பு தின்னுரும், சி.பி.என்.னுக்கு அந்தத் தொல்லை இல்ல. அதனாலதான் எச்.எஸ்.எஸ்.ஸுக்கு அது பொருத்தம்.

பவுல்காரருக்கு அதுல உண்மையான லாபம் எதுன்னா கல்லு தேயாது. சாதாக் கல்லு 8 இன்ச் வாங்குனா டிரஸ் பண்ணிப் பண்ணி 7 ஆகும், ஜிக் தூரம் மாறிட்டே போகும். சி.பி.என். கடைசி வரைக்கும் 8தான், ஒரு தடவை செட் பண்ண அளவு அப்படியே நிக்கும். டிரஸ் பண்ண வேண்டாம், உடைஞ்சு பறக்குறதுங்கற பயமும் இல்ல. 180 நம்பர் ஒண்ணு இருந்தா போதும். பதம் பண்ணாத மெத்தான இரும்பை மட்டும் அதுல வைக்காதீங்க, அடைச்சுக்கும்.

ஆனா தம்பி முதல்ல இதை வாங்க வேண்டாங்க. டிரஸ்ஸர், ஜிக், வெள்ளைக் கல்லு, இந்த வரிசைதான். அதுல வேலை திருப்தியா நடந்தா அப்பறம் பாத்துக்கலாம்.

ஸ்காபரோ_மேப்பிள்

ஓம், நானும் அதைத்தான் சொல்லுவன். சி.பி.என். எடுத்த பிறகு என்ர பவுல் ஒண்டும் வடிவாகேல்ல, சாணை பிடிக்க எடுக்கிற நேரம்தான் குறைஞ்சது. ஜிக் எடுத்த அண்டைக்குத்தான் பவுல் மாறினது.

எப்ப சாணை பிடிக்கிறது எண்டதுக்கு ஒண்டு சொல்லுறன். லைட்டுக்குக் கீழ கூரை நேராப் பாருங்கோ. கூராக இருந்தால் ஓரம் கண்ணுக்கே தெரியாது, கறுப்பாத்தான் இருக்கும். மழுங்கின இடத்தில மெல்லிய வெள்ளைக் கோடு மாதிரி வெளிச்சம் பட்டுத் திரும்பும். சத்தமும் மாறும். கூரான உளியில சுருள் சுருளா நீளமா வரும், சர்ர் எண்டு பட்டுத்துணி கிழிக்கிற மாதிரி. மழுங்கினால் தூள் வரும், நீங்கள் அழுத்தத் தொடங்குவியள். அழுத்துறியள் எண்டு தெரிஞ்ச உடன நிப்பாட்டுங்கோ.

கடைசி இழுப்புக்கு முதல் கட்டாயம் ஒருக்கா சாணை. முழுப் பவுலுக்கும் ஒரு கூர் பாவிச்சாலும் பரவாயில்ல, கடைசி ரெண்டு இழுப்புக்குப் புதுக் கூர் வேணும்.

தூங்குமூஞ்சி_கட்டை

கார்பைடு வில்லை வச்ச உளி வாங்கிட்டா சாணையே வேண்டாம்லன்னு ஒருத்தர் சொன்னாரு?

பூவரசு77

அது சுரண்டுற உளி. சாணை வேண்டாங்கறது சரி, வில்லையைத் திருப்பிப் போட்டுக்கலாம். ஆனா காஞ்ச பலாவுல இவருக்கு இருக்குற அதே பிசிறு அதுலயும் வரும், பெவல் பதிஞ்சு வெட்டுற வெட்டு அதுல கிடையாது. சாண்ட் பேப்பர் செலவு கூடும்.

ஆலங்குடி_பலா

மூணு வாரம் கழிச்சு வர்றேன், எல்லாருக்கும் ரொம்ப நன்றி. என்ன நடந்துச்சுன்னு அப்படியே எழுதுறேன்.

டிரஸ்ஸர் வாங்கி கல்லை சீவுனேன். முதல் சீவல்லயே கருப்புப் புழுதியா கொட்டுச்சு, அப்பறம் கல்லோட முகம் சொரசொரன்னு வேற கலரா வந்துச்சு. ஜிக்கை இங்க டிராக்டர் வேலை பாக்குற வெல்டிங் பட்டறைல படம் போட்டுக் குடுத்து செஞ்சேன். 60 டிகிரிக்கு மாத்த நிறைய இரும்பு போகும்னு நினைச்சேன், கோணம் கூடுறதால மூக்கு முனையிலதான் தேயணும், ரெண்டு சாயங்காலம் ஆற வச்சு ஆற வச்சு மெதுவா பண்ணேன். மார்க்கர் பூசி கல்லை கையால சுத்துனப்ப மை முதல்ல குதிகால்ல மட்டும் அழிஞ்சுது, குழியைக் கொஞ்சம் கொஞ்சமா நகத்தி நகத்தி நாலாவது தடவைல நடுவுல ஒரே கோடா அழிஞ்சுச்சு. அதுக்கப்பறம் சுவிட்ச் போட்டு ரெக்கைலேர்ந்து ரெக்கைக்கு மெதுவா வீசுனேன், பொறி கீழ மட்டும் போயிட்டிருந்தது கடைசில கூர் ஓரத்துக்கு மேலயும் பள்ளத்துக்குள்ள லேசா எட்டிப் பாத்துச்சு, சரி ஓரம் வரைக்கும் வந்துருச்சுன்னு நிறுத்துனேன். பெவல் ஒரே பரப்பா மின்னுறதை ஒன்றரை வருஷத்துல இப்பதான் பாக்குறேன்.

ரெண்டாவது மரத்துக் கட்டையை மாட்டி 700ல ஓட்டுனேன். விளிம்புலேர்ந்து இறங்கி அந்த வளைவுகிட்ட வந்தப்ப கை தன்னால இறுகுச்சு, எப்பவும் அங்கதான் கடிக்கும். கடிக்கல. மஞ்சளா நீளமா சுருள் டூல் ரெஸ்ட் மேல வழிஞ்சு என் மணிக்கட்டுல சுத்துச்சு, பச்சைப் பலா வாசனை இத்தனை வருஷம் கழிச்சும் அதுல இருந்துச்சு. அம்மா கொட்டகை வாசல்ல நின்னு பாத்துட்டே இருந்தாங்க.

முழுசா போகலண்ணே, அந்த ரெண்டு இடத்துல கொஞ்சூண்டு பிசிறு இருந்துச்சு. ஸ்காபரோ அண்ணா சொன்ன மாதிரி நிறுத்தி மறுபடி சாணை போட்டுட்டு, பூவரசு அண்ணன் தனி மெசேஜ்ல சொன்ன மாதிரி அந்த இடத்துல ஈரத்துணியால தண்ணி ஒத்தி நாரை ஊற விட்டு, நூல் தடிமனுக்கு கடைசி இழுப்பு ரெண்டு எடுத்தேன். சாண்ட் பேப்பர் 180ல ஆரம்பிச்சேன், 80ஐ தொடவே இல்ல. கால் மணி நேரத்துல முடிஞ்சுது. அம்மா அதுல பலாக்கொட்டை போட்டு அடுப்படில வச்சிருக்காங்க.

அளவுக்கு வைக்கிற மரத்துண்டு ரெண்டும் மிச்சப் பலாவுலயே செஞ்சேன். அதுல ஒண்ணு போன மழைல கொஞ்சம் உப்பி, குழி தூரம் மாறுன மாதிரி தெரியுது. அதுக்கு என்ன பண்றது?

அம்பை_கடைசல்

தம்பி படிச்சு ரொம்ப சந்தோசம். பத்து நிமிசத்துக்கு ஒரு தடவை தொட்டு எடுக்கதை விட்டுராதீங்க. வைரக் கல் பொடி ஒட்டுன சின்னத் தகடு விக்காங்க, பெவல் மேல படுக்க வச்சு ரெண்டு தடவை இழுத்தா கிரைண்டருக்கு போற வேலை பாதி குறையும்.

டூல்ரூம்காரன்

துண்டு உப்புனது நார் குறுக்கால இருக்குறதாலங்க. மரம் ஈரத்துல அகலவாக்குல உப்பும், நார் நீளவாக்குல கிட்டத்தட்ட மாறவே மாறாது. அளவு எந்தத் திசைல வேணுமோ அந்தத் திசைல நார் ஓடுற மாதிரி அறுத்துப் புதுசா ஒண்ணு செய்யுங்க, அது மேல "கௌஜ் 60"னு மார்க்கர்ல எழுதி கிரைண்டர் பக்கத்துலயே ஆணில மாட்டிருங்க.